ரோட்டரி இன்ஜினைப் பிரித்துக் கட்டிய பின் வரும் கோளாறுகள்: சீலன்ட், மசகு வழியாகக் காரணம் தேடும் முறை

பிஸ்டன் இன்ஜின் கட்டிப் பழகியவர், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண வடிவ ரோட்டர் சுற்றும் ரோட்டரி இன்ஜினை முதன்முறையாகத் தொடும்போது அவரை அதிகம் குழப்புவது கேஸ்கட் இல்லாத அமைப்புதான். மாஸ்டாவின் 13பி இன்ஜினில் மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகளும் அவற்றுக்கு இடையில் இரண்டு அலுமினிய ரோட்டர் ஹவுசிங்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, நீண்ட டென்ஷன் போல்ட்டுகளால் முழு அடுக்கும் இறுக்கப்படுகிறது. தட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் தாளோ தகடோ கிடையாது. உலோகம் உலோகத்தின்மேல் நேரடியாக அமர்கிறது. நெருப்பையும் தண்ணீரையும் பிரித்து நிறுத்துவது பள்ளத்தில் கிடக்கும் மெல்லிய ரப்பர் வளையங்கள்தாம்.

இந்த அமைப்பை மனத்தில் நிறுத்திக்கொண்டால் சீலன்ட் தேர்வு பெருமளவு தெளிவாகிவிடும். ரோட்டர் ஹவுசிங்கின் அகலம் 80 மி.மீ.; ரோட்டரின் பக்கவாட்டு இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு மட்டுமே. எனவே தட்டுகளின் முகங்களுக்கு இடையில் தடிமனாக நின்றுவிடும் எந்தப் பொருளும் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். கையிலுள்ள டியூப் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கு முன், அந்த இடத்துக்கு எது தேவை என்று முடிவு செய்ய வேண்டும்: இடைவெளியை அடைக்க வேண்டுமா, ரப்பருக்குத் துணை நிற்க வேண்டுமா, அல்லது பூட்டி முடிக்கும் வரை ஒரு பாகத்தை இடத்தில் பிடித்து வைத்தால் போதுமா? முதல் வேலைக்கு ஆர்.டி.வி. சிலிக்கோன், இரண்டாவதற்கு ஹைலோமார் போன்ற இறுகாத சீலன்ட், மூன்றாவதற்கு வாசலின் என்பது என் நிலையான பிரிவினை. கட்டி முடித்த இன்ஜினில் தோன்றும் கோளாறுகளில் பல, இந்த மூன்றில் ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்ததால் வருபவை.

கீழே உள்ளவை பெரும்பாலும் 1986-க்குப் பிந்தைய 13பி இன்ஜின்களை, அதாவது இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 கார்களில் வந்தவற்றை, வைத்து எழுதப்பட்டவை. அதற்கு முந்தைய இன்ஜின்களில் தண்ணீர் சீல் பள்ளம் அலுமினிய ஹவுசிங்கில் இருந்தது. 1986 முதல் அது இரும்புத் தட்டுகளுக்கு மாறியது. சீல் வாங்கும்போதும் பூட்டும்போதும் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

அறிகுறி: கூலன்ட் குறைகிறது, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெண்புகை வருகிறது, ரேடியேட்டர் வாயில் குமிழ் தெரிகிறது

இதுவே மிகக் கவலை தரும் அறிகுறி. ஆகவே இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். முதலில் கோளாறு உண்மையானதா என்று உறுதி செய்யுங்கள். புதிதாகக் கட்டிய இன்ஜினில் காற்று சிக்கியிருப்பதாலும் ஓரிரு நாள் குமிழ் வரலாம், கூலன்ட் மட்டமும் இறங்கலாம். காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகும் குமிழ் ஒரே சீராக வந்துகொண்டிருந்தால், எரியறையின் வாயு தண்ணீரில் கலக்கிறதா என்று காட்டும் நீலத் திரவச் சோதனையைச் செய்ய வேண்டும். திரவம் மஞ்சளாக மாறினால் ஐயத்துக்கு இடமில்லை. கூடவே, இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியின் அழுத்த அளவுக்குக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, இரவு முழுவதும் விட்டுவிட்டு, காலையில் பிளக்குகளைக் கழற்றி இன்ஜினைச் சுற்றிப் பாருங்கள். ஒரு ரோட்டரின் பிளக் துளையிலிருந்து மட்டும் ஈரம் தெறித்தால், எந்தப் பக்கத்து உள்வளையம் தோற்றது என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பொருத்து முகத்திலும் இரண்டு வளையங்கள் உண்டு. உள்வளையம் எரியறையை ஒட்டியிருக்கிறது. அதிக வெப்பத்தைத் தாங்குவது அதுதான். வெளிவளையம் தண்ணீர் வெளியே வராமல் காக்கிறது. வெளியே சொட்டினால் வெளிவளையம், உள்ளே போனால் உள்வளையம் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

பூட்டும்போது நடக்கும் தவறுகளில் முதன்மையானது வளையம் பள்ளத்திலிருந்து நழுவுவது. நடுத்தட்டின் இரு முகங்களிலும் பள்ளம் உண்டு. அதைக் கவிழ்த்து அடுக்கின்மேல் இறக்கும்போது கீழ்முகத்து வளையம் தொங்கத் தொடங்கும். ஒரு விரல்நீளம் வெளியே வந்தாலும் போதும். போல்ட்டை இறுக்கும்போது அது இரண்டு உலோக முகங்களுக்கு இடையில் நசுங்கித் தட்டையாகிவிடும். இன்ஜின் அன்று ஓடவும் செய்யும். சில நூறு கிலோமீட்டருக்குள் அந்த இடம் வழிவிடும். பிரித்துப் பார்க்கும்போது வளையத்தின் ஒரு பகுதி நாடாவைப் போலத் தட்டையாகவும், அதன் இரு முனைகளும் உருண்டையாகவும் இருந்தால், இதுதான் நடந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, பள்ளத்தின் அடியில் மெல்லிய வாசலின் தடவி வளையத்தை ஒட்டிவைப்பது. மற்றொன்று, பலர் விரும்பும் நீல நிற ஹைலோமார். ரோல்ஸ் ராய்ஸ் ஜெட் இன்ஜின்களுக்காக உருவான இந்தச் சீலன்ட் பாலியூரிதேன் வகையைச் சேர்ந்தது. காய்ந்து கட்டியாகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். சுமார் 250 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அலுமினியமும் வார்ப்பிரும்பும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. அலுமினியம் ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. ஆகவே ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் இரு முகங்களும் ஒன்றன்மேல் ஒன்று மிக நுண்ணிய அளவில் நகர்கின்றன. இறுகிப்போகும் பொருள் அந்த நகர்வில் பிளந்துவிடும். இறுகாத பொருள் உடன் நகரும். இந்தக் காரணத்துக்காகவே, வளையத்துக்குத் துணையாக ஏதேனும் தடவுவதென்றால் நான் ஹைலோமாரை மட்டுமே ஏற்பேன். தடவும் அளவு, வளையத்தின் நிறம் அதன் ஊடாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும்; தடவிய பின் சில நிமிடம் காற்றாட விட்டு, அதிலுள்ள கரைப்பான் ஆவியான பிறகே தட்டை இறக்க வேண்டும்.

இந்தப் பள்ளத்தில் ஆர்.டி.வி. சிலிக்கோனை நிரப்புவதை நான் வன்மையாக மறுக்கிறேன். பள்ளத்தின் கொள்ளளவு வளையம் நசுங்கிப் பரவுவதற்குத் தேவையான இடத்தையும் சேர்த்தே கணக்கிடப்பட்டது. அந்த இடத்தைச் சிலிக்கோன் பிடித்துக்கொண்டால், நசுங்கிய ரப்பர் போக வழியின்றிப் பள்ளத்துக்கு வெளியே பிதுங்கி, தட்டுகள் முழுமையாக அமர்வதைத் தடுக்கும்.

வாசலின் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. வளையம் எந்த ரப்பரால் ஆனது என்று விற்பவரிடம் கேட்டுவிட வேண்டும். வைட்டான் வளையத்துக்கு வாசலினால் தீங்கில்லை. ஈ.பி.டி.எம். ரப்பர் பெட்ரோலியப் பொருள் பட்டால் ஊறிப் பருக்கும். அதற்குச் சிலிக்கோன் கிரீஸ் ஏற்றது. ஆனால் வளையமே சிலிக்கோன் ரப்பராக இருந்தால் சிலிக்கோன் கிரீஸ் அதை ஊறச் செய்யும். ரப்பரும் மசகும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்திருக்கக் கூடாது என்பதே இதற்கான கணக்கு.

வளையம் பள்ளத்திலேயே ஒழுங்காக இருந்தும் கசிவு வந்திருந்தால் பள்ளத்தின் சுவரைப் பாருங்கள். எரியறைக்கும் பள்ளத்துக்கும் நடுவிலுள்ள இரும்புச் சுவர் மிக மெல்லியது. பழைய கூலன்டால் துருவேறி அரித்துப் போவதும், விரிசல் விட்டு ஒரு துண்டு காணாமற்போவதும் இந்த இன்ஜின்களில் எல்லோரும் அறிந்த நோய். சுவர் இல்லாத இடத்தில் சீலன்ட் சுவராகாது. தட்டை மாற்ற வேண்டும், அல்லது இந்த வேலையை அறிந்த பட்டறையில் சரிசெய்ய வேண்டும்.

அறிகுறி: அடிப்பகுதியில் ஆயில் கசிகிறது

கசிவு ஆயில் பேனின் விளிம்பிலிருந்து வருகிறதா, அதற்கு மேலே தட்டுகள் ஒன்றோடொன்று சேரும் கோட்டிலிருந்து வருகிறதா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். இன்ஜினின் அடியை நன்கு கழுவி உலர்த்தி, ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து, சிறிது நேரம் ஓட்டி, புற ஊதா விளக்கில் பார்ப்பது எளிய வழி. ஆயில் எப்போதும் கீழே வழிந்தே தெரியும் என்பதால் சொட்டும் இடத்தைக் கசியும் இடம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆயில் பேன் அமரும் தளம் ஒரே வார்ப்பு அல்ல. முன்கவரும் ஐந்து தட்டு ஹவுசிங்குகளின் கீழ் விளிம்புகளும் சேர்ந்துதான் அந்தத் தளத்தை உருவாக்குகின்றன. ஒவ்வொரு பொருத்திலும் நகத்தால் தடவினால் உணரக்கூடிய சிறு படி இருக்கலாம். இங்கே இடைவெளியை அடைக்கும் பொருள் தேவை, ஆர்.டி.வி. சிலிக்கோனுக்கு உரிய இடம் இதுவே. அதேபோல ரோட்டர் ஹவுசிங்குகளின் கீழ்க் கால்கள் இரும்புத் தட்டைத் தொடும் முகங்களிலும் மெல்லிய சிலிக்கோன் பூச்சு வேண்டும். அங்கே ரப்பர் வளையம் இல்லை. சம்ப்பின் (ஆயில் பேனில் ஆயில் தேங்கும் இடம்) ஆயில் அந்தக் கோட்டின் வழியே மெதுவாக ஊறி வெளியேறும். அடுக்கும் நாளில் இதை விட்டுவிட்டால், பிறகு வெளியிலிருந்து பூசி நிறுத்த முடியாது.

சரியாகத் தடவியும் ஒட்டவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் வாசலின்தான். சீல் பள்ளத்தில் வாசலின் தடவிய அதே விரல் ஹவுசிங்கின் காலையும் தொட்டிருக்கும். அந்த எண்ணெய்ப்படலத்தின்மேல் சிலிக்கோன் காயுமே தவிர பற்றாது. பிரித்த பிறகு சிலிக்கோன் ஒரு பக்கத்திலிருந்து தோல்போல முழுதாக உரிந்து வந்தால் இதுவே காரணம். சீல் வேலைக்கு ஒரு கையுறை, சிலிக்கோனுக்கு வேறு கையுறை என்று வைத்துக்கொண்டு, சிலிக்கோன் படும் முகங்களை பிரேக் கிளீனராலோ அசிட்டோனாலோ கடைசியாக ஒருமுறை துடைப்பது போதும்.

நேரத்தையும் கவனியுங்கள். சாதாரண ஆர்.டி.வி. சிலிக்கோன் காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுகிறது; பத்து நிமிட அளவில் மேல்தோல் கட்டத் தொடங்கிவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் அதற்கும் முன்பே கட்டலாம். தோல் கட்டிய பின் தட்டை இறக்கினால் அந்தத் தடிமன் அப்படியே நிற்கும். எனவே ரோட்டர், சீல், ஸ்பிரிங் எல்லாம் அமர்ந்து, அடுத்த தட்டு கையில் தயாராக இருக்கும்போதுதான் காலில் சிலிக்கோன் பட வேண்டும். டென்ஷன் போல்ட்டுகளையும் தாமதிக்காமல், கையேட்டின் வரிசைப்படி, இரண்டு மூன்று சுற்றுகளாக 32 முதல் 39 நியூட்டன் மீட்டர் வரை கொண்டுவர வேண்டும். ஆயில் ஊற்றுவதற்கு ஒரு நாள் பொறுங்கள். வினிகர் நெடி அடிக்கும் மலிவு வகையைத் தவிர்த்து, ஆக்சிஜன் சென்சாருக்குத் தீங்கு செய்யாதது என்று டியூபிலேயே குறிப்பிட்ட வகையை வாங்குங்கள். பெட்ரோல் படும் இடத்தில் எந்தச் சிலிக்கோனும் வேண்டாம், ஊறிப் பிய்ந்துவிடும்.

பின்தட்டின் பக்கவாட்டில், அடுக்கை நேராக நிறுத்தும் டவல் பின் அமரும் இடத்தருகே ஆயில் கசிவாக இல்லாமல் ஒழுக்காகவே வந்தால் அது வேறு கதை. அந்தக் குழல் வடிவப் பின்னைச் சுற்றி ஆயில் வழியும் ஓ-ரிங்கும் உண்டு. ஓ-ரிங் நசுங்கியிருக்கலாம், அதிக பூஸ்ட் வைத்து ஓட்டிய டர்போ இன்ஜின்களில் தட்டின் அந்தப் பகுதியே விரிசல் விட்டிருக்கலாம். விரிசலை சீலன்டால் மூட முயல்வது வீண்.

அறிகுறி: நீலப்புகை நிற்கவில்லை

முதல் ஸ்டார்ட்டில் புகை மண்டுவது இயல்பு. ரோட்டரில் தடவிய ஆயிலும் வாசலினும் எரிந்து தீர வேண்டும். எக்ஸாஸ்ட் குழாயில் படிந்ததும் ஆவியாக வேண்டும். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்து நன்றாக ஓடிய பிறகும், குறிப்பாக ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறையும்போது நீலமாக வந்துகொண்டே இருந்தால், ரோட்டரின் பக்கங்களில் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ஆயில் கன்ட்ரோல் ரிங்கின் உள்ளே இருக்கும் ஓ-ரிங்கைச் சந்தேகியுங்கள். அதை உலர்வாக அழுத்தி நுழைத்தால் முறுக்கிக்கொள்ளும் அல்லது விளிம்பில் சீவப்படும். ஓ-ரிங்கிலும் அது நுழையும் பள்ளத்திலும் ஆயில் தடவி, இரு கைகளின் கட்டைவிரல்களாலும் சுற்றிச் சுற்றிச் சமமாக அழுத்தி இறக்க வேண்டும். இறங்கிய பின் விரலால் அழுத்தினால் ஸ்பிரிங் விசையில் திரும்ப மேலெழ வேண்டும். எழாவிட்டால் ரிங் சரியாக அமரவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். ரோட்டரி இன்ஜின் இயல்பாகவே சீல்களுக்காகச் சிறிது ஆயிலை எரிக்கும் இன்ஜின் என்பதையும் நினைவில் வைத்து, லேசான புகைக்காக அவசரப்பட்டு இன்ஜினை இறக்க வேண்டாம்.

அறிகுறி: கம்ப்ரெஷன் குறைவு, ஸ்டார்ட் ஆக மறுக்கிறது

ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள் உண்டு. ஆகவே சாதாரண கேஜ் காட்டும் ஒற்றை உச்ச அளவு பயன்படாது, மூன்றையும் தனித்தனியே காட்டும் ரோட்டரி சோதனைக் கருவி வேண்டும். அளவு 250 ஆர்.பி.எம். வேகத்துக்குரியது, பேட்டரி தளர்ந்திருந்தால் எண்கள் தாழ்வாகவே காட்டும். மூன்று முகங்களுக்கு இடையே சதுர சென்டிமீட்டருக்கு 1.5 கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஏதோ ஒரு சீல் அசையவில்லை அல்லது உடைந்திருக்கிறது என்று பொருள்.

மூன்றும் சமமாகவும் தாழ்வாகவும் இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஸ்டார்ட் செய்ய முயன்று முயன்று பெட்ரோல் உள்ளே தேங்கி, ஹவுசிங்கின் ஆயில் படலத்தைக் கழுவியிருக்கும். எரிபொருள் பம்பின் இணைப்பை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிச் சுற்றி உலரவிட்டு, துளை வழியே சிறிது டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு மீண்டும் சுற்றினால் கம்ப்ரெஷன் ஏறும்.

ஒரு முகம் மட்டும் தாழ்ந்திருந்தால் பூட்டும்போது எதைத் தடவினோம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ரோட்டரைத் திருப்பும்போது அதன் மூலைகளில் அமரும் கார்னர் சீலும் பக்கவாட்டு விளிம்புகளில் அமரும் சைடு சீலும் விழாமல் நிற்கப் பிசுபிசுப்பு தேவை என்பதற்காக, கையில் கிடைத்த வீல் பேரிங் கிரீஸைத் தடவுபவர்கள் உண்டு. வாசலின் சுமார் 40 முதல் 60 டிகிரியிலேயே உருகி வழிந்து, பின் எரிந்து மறைந்துவிடும்; சோப்பு அடிப்படையிலான லித்தியம் கிரீஸ் 180 டிகிரி அளவு வரை உருகாது, அதற்கு மேல் கருகிப் பள்ளத்திலேயே கரியாகப் படியும். சைடு சீலுக்கும் கார்னர் சீலுக்கும் இடையே விடப்படும் இடைவெளி 0.05 முதல் 0.15 மி.மீ. மட்டுமே, அந்த இடுக்கில் கரி நுழைந்தால் சீல் எப்படி அசையும்? மாலிப்டினம் கலந்த கெட்டியான பூட்டு மசகும் (பாகங்களைப் பூட்டும்போது தடவுவது) இங்கே வேண்டாம். ரோட்டரின் மூன்று முனைகளில் அமரும் ஏபெக்ஸ் சீலுக்கும் ஹவுசிங்கின் குரோம் முகத்துக்கும் சுத்தமான இன்ஜின் ஆயில் அல்லது டூ-ஸ்ட்ரோக் ஆயில், சிறு சீல்களை நிறுத்தத் துளி வாசலின். இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

ஏபெக்ஸ் சீலின் முனைத்துண்டு நழுவாமலிருக்க உடனடி ஒட்டுப்பசையில் ஒரு புள்ளி வைப்பதும் வழக்கம். புள்ளி அளவு என்றால் முதல் சூட்டிலேயே எரிந்துபோகும். அது வழிந்து ரோட்டரின் பள்ளத்துக்குள் இறங்கினால் சீலே பள்ளத்தோடு ஒட்டிக்கொள்ளும். பசையைச் சீலில் வைத்து, காய்ந்த பின், பள்ளத்தில் தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பொருத்துங்கள்.

அறிகுறி: சூடேறியதும் ஆயில் பிரஷர் விழுகிறது

குளிரில் நல்ல பிரஷர், சூட்டில் தாழ்வு என்றால் முன்கவருக்கும் முன்தட்டுக்கும் நடுவிலுள்ள சிறு ஓ-ரிங்கை முதலில் நினைக்க வேண்டும். பம்பிலிருந்து வரும் ஆயில் அதன் வழியே கடக்கிறது. அது நசுங்கிப் பிய்ந்தால் ஆயில் வெளியே தெரியாமல் கவருக்குள்ளேயே சம்ப்புக்குத் திரும்பிவிடும். முன்கவரின் கேஸ்கட்டுக்கு இருபுறமும் தடிமனாகச் சிலிக்கோன் பூசினால் கவர் அந்த அளவு விலகி நிற்கும்; ஓ-ரிங்குக்கு வேண்டிய அழுத்தம் கிடைக்காது. இந்த இடத்தில் கேஸ்கட்டை உலர்வாகவோ மிக மெல்லிய ஹைலோமாருடனோ வைப்பதே முறை.

குளிரிலும் சூட்டிலும் பிரஷர் தாழ்வாக இருந்தாலோ, வேகம் கூட்டும்போது ஊசி நடுங்கினாலோ பேனைக் கழற்றி ஸ்ட்ரெய்னரை (ஆயில் உறிஞ்சும் வாயிலுள்ள வலை) பாருங்கள். பேனில் அளவுக்கு மீறிப் பூசிய சிலிக்கோன் உள்பக்கமும் அதே அளவு பிதுங்கியிருக்கும். அது புழுப்போல அறுந்து வலையில் சிக்கும். வெளியே அழகாகப் பிதுங்கித் தெரிவதை நல்ல வேலைக்கு அடையாளமாகக் கொள்ளும் பழக்கம் ரோட்டரியில் ஆபத்தானது.

அறிகுறி: முதல் ஓட்டத்திலேயே பேரிங் தேய்மானம்

ஆயிலை மாற்றும்போது பளபளக்கும் செம்புத் துகள் தெரிந்தால் ரோட்டர் பேரிங்கோ மெயின் பேரிங்கோ உலர்வாகச் சுற்றியிருக்கிறது. கட்டிய வாரமே ஸ்டார்ட் செய்வதானால் பேரிங்குக்கு இன்ஜின் ஆயில் போதும். உதிரிபாகத்துக்குக் காத்து மாதக்கணக்கில் நிற்கப்போகும் இன்ஜினில் ஆயில் வடிந்துவிடும். அங்கே ஒட்டி நிற்கும் பூட்டு மசகு, மாலிப்டினமோ துத்தநாகமோ கலந்ததானாலும், பேரிங்கில் மட்டும் நன்மையே செய்யும். எதைத் தடவியிருந்தாலும் இக்னிஷனையும் எரிபொருளையும் துண்டித்துவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, கேஜில் பிரஷர் எழும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றிய பிறகே முதல் தீப்பொறி விட வேண்டும்.

அறிகுறி: கியர்பாக்ஸ் சேருமிடத்தில் ஆயில்

பின் ஆயில் சீலைக் குறைகூறும் முன், பின்தட்டில் சுழலாமல் நிற்கும் ஸ்டேஷனரி கியரின் ஓ-ரிங்கையும் பிளைவீல் நட்டையும் பாருங்கள். ஓ-ரிங்கில் ஆயில் தடவாமல் கியரை அடித்து இறக்கினால் அது சீவப்பட்டுவிடும். பிளைவீல் நட்டின் அமரும் முகத்தில் மெல்லிய சீலன்ட் வேண்டும். அதை விட்டால் ரோட்டர்கள் சுழற்றும் நடுத்தண்டான எக்ஸென்ட்ரிக் ஷாப்டின் சாவிப்பள்ளம் வழியாக ஆயில் ஊறி வந்து பிளைவீலின் நடுவிலிருந்து விசிறி அடித்த கோடுகளாகத் தெரியும். பின் சீல் கசிந்தால் தடம் பிளைவீலின் இன்ஜின் பக்கத்து முகத்தில் இருக்கும். நட்டின் வழி வந்தால் கிளட்ச் பக்கத்து முகத்தில் இருக்கும். கியர்பாக்ஸை இறக்கியதும் துடைப்பதற்கு முன் இந்த இரண்டு முகங்களையும் விளக்கு பிடித்துப் பார்த்துவிடுங்கள்.